அப்பாவின் டயாலிசிஸ் நோட்டு: காப்பீட்டு அட்டையில் தனியாரும் பெரியாஸ்பத்திரியும்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் 14 மாதம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து ஒரு தனியார் மருத்துவமனையில் போனது. அதன் பிறகு இன்றுவரை மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில். ஆள் ஒன்று, நோய் ஒன்று, அட்டையும் ஒன்று. இடம் மட்டும்தான் மாறியது. அதனால் சொந்தத்தில் யாருக்காவது கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறிவிட்டால் எனக்குத்தான் போன் வரும். "எங்க சேர்க்கலாம், சொல்லுப்பா" என்பார்கள். ஒரு போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். சிறுநீரக டாக்டர் முதல் நாளே, "தினமும் எடை பார்த்து எழுதி வைம்மா" என்றார். எடையோடு நிறுத்தாமல் கோடு போட்டு மற்றதையும் எழுத ஆரம்பித்தேன். வரும்போது எடை, போகும்போது எடை, பிரஷர், ஊசி ஏற்றிய நேரம், எடுத்த நேரம், ஊசி போட்டவர் பெயர், கையிலிருந்து கொடுத்த பணம். கீழே எழுதுவதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான். ஒரு வீட்டின் கணக்கு இது. ஊருக்கெல்லாம் இதுவே சட்டம் என்று நான் சொல்லவில்லை.

அரசும் தனியாரும் கூட்டு சேர்ந்து மருத்துவம் செய்வது என்றால் ஏதோ புதுக் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் அது பெரும்பாலும் ஒரு அட்டைதான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று உயர்ந்தது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். பிரீமியம் அரசு கட்டுகிறது. வைத்தியத்தை அரசு மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம், பட்டியலில் இருக்கும் தனியாரிலும் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகை முன்பே முடிவாகியிருக்கும். அதைப் பேக்கேஜ் என்கிறார்கள். டயாலிசிஸுக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு. இந்த 'ஒரு தடவைக்கு' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது புரிய ஐந்து மாதம் பிடித்தது.

தனியாரில் முதல் மாதம் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது உண்மை. ஏ.சி. அறை, வெள்ளை விரிப்பு. காலை 7 மணி என்றால் 7.05-க்கு ஊசி ஏறிவிடும். "வாங்க ஐயா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். 31 வருடம் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியில் நின்ற மனிதர் அப்பா. அந்த மரியாதை அவருக்குப் பிடித்தது. கழுத்தில் போட்டிருந்த குழாய்க்குப் பதிலாக இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்ற வசதியாக ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது) வைத்ததும் அங்கேதான். அட்டையில் அப்ரூவல் வந்த எட்டாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. அரசு வழியில் போயிருந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்து, தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகியிருக்கும் என்று மற்ற நோயாளிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கழுத்துக் குழாய் எத்தனை நாள் அதிகம் இருக்கிறதோ அத்தனைக்குக் காய்ச்சலும் குளிரும் வர வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு அந்த மருத்துவமனைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் அப்பாவின் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. தண்ணீர் அதிகம் குடிக்கிறார் என்று அம்மாவைத் திட்டினேன். அம்மா சொம்பில் அளந்து வைத்து, "இதுக்கு மேல குடுக்கலடி" என்று கண் கலங்கினாள். அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்து, ஏற்றிய நேரத்தையும் எடுத்த நேரத்தையும் கழித்துப் பார்த்தேன். டாக்டர் சீட்டில் நான்கு மணி நேரம் என்று இருக்கிறது. மூன்று மாதத்தில் 26 முறை. அதில் நான்கு மணி நேரம் முழுதாக ஓடியது நான்கே முறை. மற்றதெல்லாம் 3.20, 3.25, ஒரு நாள் 3.05. நேரத்துக்கு ஆரம்பித்தவர்கள் நேரத்துக்கு முன்னாலேயே முடித்திருக்கிறார்கள்.

டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன். நல்ல பையன். பொய் சொல்லவில்லை. "நாலு ஷிஃப்ட் ஓட்டணும்க்கா. மெஷின் கழுவி அடுத்தவங்களப் போடணும்ல" என்றான். மணிக்கணக்குக்குப் பணம் வருவதில்லை, தடவைக்குத்தான் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 35 நிமிடம் குறைந்தால் அந்தப் பணம் குறையாது. அப்பாவின் உடம்பில் மட்டும் நீரும் உப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். அதன் பிறகு நான் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தேன். நான் நின்ற நாட்களில் நான்கு மணி நேரம் ஓடியது.

இன்னொரு விஷயம் பணம். அட்டை இருந்தால் எல்லாம் இலவசம் என்றுதான் போனோம். ரத்தம் ஊற எரித்ரோபொய்டின் ஊசி, மாதாந்திர ரத்தப் பரிசோதனை, சில நேரம் புது ஃபில்டர் எல்லாம் "அப்ரூவல்ல வராதுங்க" என்று வெளியே எழுதினார்கள். எது வரும், எது வராது என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. 14 மாதத்தில் கையிலிருந்து போனது 71,350 ரூபாய். ஆட்டோ செலவு தனி.

அங்கிருந்து வெளியே வந்தது ஒரு பொங்கல் ராத்திரியில். பொங்கலன்று டயாலிசிஸ் கிடையாது, மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், கரும்பு. அப்பா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் பண்டிகை நாள் என்று விட்டுவிட்டோம். மாட்டுப் பொங்கல் ராத்திரி 12 மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். "தாயி, மூச்சு முட்டுது" என்றார். உதடு கருத்திருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டெக்னீஷியன் ஊருக்குப் போய்விட்டார், ஜி.எச்.க்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார் எடுத்தவர்.

108 வந்தது. வண்டியிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் இந்த 108-ம் கூட்டு முயற்சிதான்; பணம் அரசு, நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. என்ற தனியார் அமைப்பு. அது எங்களுக்கு 20 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது. 'தனியார்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் முகம் சுளிக்காமல் இருப்பதற்கு அந்த ராத்திரி ஒரு காரணம்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் 1.10-க்கு இறக்கினோம். அழைப்பின் பேரில் டயாலிசிஸ் டெக்னீஷியன் மப்ளர் கட்டியபடி பைக்கில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் மெஷினைப் பார்க்கவில்லை. அப்பாவின் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. "கடைசியா எத்தனை மணி நேரம் ஓடிச்சு?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2.40-க்கு ஊசி ஏறியது. விடியற்காலை 6.40-க்கு எடுத்தார். வரும்போது 61.2 கிலோ, போகும்போது 57.6.

அன்றைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்த மரணம் எந்த மருத்துவமனையின் கணக்கில் ஏறியிருக்கும்? அரசு மருத்துவமனையின் கணக்கில். தனியாரின் பதிவேட்டில் அப்பா 14 மாதம் நல்லபடியாக டயாலிசிஸ் முடித்துப் போன நோயாளி. எங்கள் கடையில் திரும்பி வந்த சரக்கையெல்லாம் ஒரே கிளையின் தலையில் எழுதினால், எந்தக் கிளை நன்றாக ஓடுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? "தனியாரில் இறப்பு குறைவு, ஜி.எச்.சில் அதிகம்" என்று யாராவது பேசும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். முடியாதவர்களை யார் யாரிடம் அனுப்பினார்கள் என்று தெரியாமல் அந்தக் கணக்கை ஒப்பிடவே கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அரசு மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், வேறு இடங்களிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று தெரியும்.

அதற்காக அரசு மருத்துவமனையைத் தூக்கி வைத்துப் பேச மாட்டேன். நிரந்தர இடம் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. 10 மெஷின், மூன்று ஷிஃப்ட். எங்களுக்குக் கிடைத்தது காலை முதல் ஷிஃப்ட், ஆனால் 6.30 என்று சொன்னால் 7.30 ஆகும், சில நாள் 8 ஆகும். வெளியே தாழ்வாரத்தில் உட்கார ஆறு நாற்காலி. மற்றவர்கள் தரையில் துண்டு விரித்து உட்கார வேண்டும். கழிப்பறை பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. நான் அரை நாள் லீவு எடுத்த வகையில் முதல் ஆறு மாதத்தில் சம்பளத்தில் பிடித்தது 9,000 ரூபாய்க்கு மேல். இலவசம் என்று சொல்லும்போது இந்தப் பணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பயந்தது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளான்ட் பழுதானபோது. டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் சுத்தமான நீர் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஆளுக்கே 120 லிட்டர். அது நின்றால் பத்து மெஷினும் சும்மா நிற்கும். உதிரி பாகம் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எங்களை வேன் வைத்து 30 கிலோமீட்டர் தள்ளி வேறு அரசு மருத்துவமனைக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்கு அனுப்பினார்கள். தனியாரிலும் இதே பழுது ஒரு முறை வந்தது. மூன்று மணி நேரத்தில் சரி செய்துவிட்டார்கள். ஒரு நாள் மெஷின் நின்றால் அவர்களுக்கு நஷ்டம், அதனால் ஆள் ஓடி வருகிறார். அரசில் அந்த அவசரம் இல்லை. ஆனாலும் ஒன்று: ஒரு நோயாளியைக்கூட "வேற எங்கயாவது பாத்துக்கோங்க" என்று வீட்டுக்கு அனுப்பவில்லை.

நான்கு மணி நேரம் என்றால் இங்கே நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது. இன்னொருவரைப் போட்டால் டெக்னீஷியனுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, அதனால் சீக்கிரம் எடுக்க அவருக்குக் காரணமும் இல்லை. எரித்ரோபொய்டின் ஊசி உள்ளேயே கிடைக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிற மருந்து. மருந்துப் பெட்டியில் 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று இருக்கும். எப்போதாவது இருப்பு தீர்ந்து ஒரு வாரம் தள்ளிப்போகும். அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அப்பாவின் ஹீமோகுளோபின் 7.8-லிருந்து 10-ஐத் தொட்டது.

ஊசி போட்டவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்கலாம். தனியாரில் 14 மாதத்தில் ஆறு டெக்னீஷியன்கள் மாறினார்கள். சம்பளம் போதாமல், படித்த பையன்கள் பெரிய ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு புது ஆள் வரும்போதும் அப்பாவின் கைதான் பலியாகும். ஊசி நரம்பைத் தாண்டி, கை நீலமாக வீங்கியது ஒன்பது முறை. இங்கே அதே இரண்டு பேர்தான். இத்தனை வருடத்தில் ஐந்து முறை. அவர்களில் ஒருவர், பொங்கல் ராத்திரி பைக்கில் வந்தவர், ஊசி ஏற்றும் முன் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்து அந்த அதிர்வைக் கேட்பதுபோல் நிற்பார். அந்த ஐந்து விநாடி எந்த ஆய்வறிக்கையிலும் வராது, அப்பாவின் கைக்குத் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அப்பா பக்கத்தில் காத்திருந்த நாட்களில் போனில் இதைப்பற்றி நிறைய வாசித்தேன். ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற சின்ன நாடு. தலைநகர் மசேருவில் பழைய அரசு மருத்துவமனைக்குப் பதிலாக, தனியார் கூட்டமைப்பு கட்டி நடத்தும் பெரிய மருத்துவமனை 2011-ல் திறந்தது. பழையதைவிடச் சேவை நன்றாக இருந்தது, இறப்பும் குறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஆனால் அந்த ஒரு மருத்துவமனைக்கே நாட்டின் சுகாதாரப் பணத்தில் பெரும்பகுதி போகிறது, கிராமத்துக்கு என்ன மிச்சம் என்று சண்டை வந்தது. 2021-ல் அரசு செவிலியருக்குச் சமமாகச் சம்பளம் கேட்டு அங்கிருந்த செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். அந்த வருடமே அரசு ஒப்பந்தத்தை முறித்தது. வாசித்தபோது எங்களைவிட்டுப் போன அந்த ஆறு டெக்னீஷியன்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

என் அனுபவத்தில் ஒரு பிரிவு தெளிவாகத் தெரிகிறது. ஒரே தடவையில் முடிகிற, தேதி குறித்துச் செய்கிற வேலை என்றால் அட்டையோடு தனியாருக்குப் போவதில் தப்பில்லை. ஃபிஸ்டுலா, எலும்புக்குப் பிளேட், கண் புரை இந்த வகை. அம்மாவுக்குக் கண் புரை அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய முகாம் வழியாகத்தான் எடுத்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை, அம்மா இன்று ஊசியில் நூல் கோக்கிறாள். ஆனால் வருடக்கணக்கில் இழுக்கிற நோய், என்றைக்கு எது ஆகும் என்று தெரியாத நோய் என்றால் நான் அரசு மருத்துவமனையில்தான் கால் ஊன்றச் சொல்வேன். தனியாரில் செய்துகொண்டாலும் அரசு மருத்துவமனையில் ஒரு முறையாவது ஓ.பி. சீட்டு போட்டு, டயாலிசிஸ் வார்டில் பெயரைப் பதிந்து வையுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல்தான் பொங்கல் ராத்திரி புது ஆளாகப் போய் நின்றோம்.

அட்டை விஷயத்திலும் சிலது சொல்ல வேண்டும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பாருங்கள். அப்பா பெயரில் ஒரு புள்ளி இல்லாததற்கு கலெக்டர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் நான்கு நடை நடந்தேன். அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் கொடுங்கள். "இங்கேதான் இலவசமாச்சே" என்று பலர் கொடுப்பதில்லை. கொடுத்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது, நாற்காலி வாங்கவும் மெஷின் பழுது பார்க்கவும் உதவும். தனியாரில் அட்டைக்கு மேல் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது கேட்டதுமே பாதித் தொகை குறைந்ததை நான் பார்த்தேன். காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993, அங்கே புகார் சொல்லலாம். நான் ஒரு முறை சொன்னேன். 2,400 ரூபாய் திரும்ப வந்தது.

போன வாரம் பக்கத்துத் தெரு அண்ணன் வந்தார். அவர் மனைவிக்கு அடுத்த மாதம் டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சுவரையும் ஏ.சி.யையும் பார்க்காமல் இதை மட்டும் கேட்கச் சொன்னேன். நான்கு மணி நேரம் முழுதாக ஓடுமா? டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா என்ற கழிவு எவ்வளவு என்று எடுத்துப் பார்ப்பீர்களா? மாதம் ஒரு முறை பார்த்து, மூன்றில் இரண்டு பங்காவது குறைகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பவர்களுக்கு மெஷின் தனியா? டெக்னீஷியன் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார்? பண்டிகை நாளில், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஆள் பெயரும் போன் எண்ணும் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்றேன். அப்புறம் கடையிலிருந்து 200 பக்க நோட்டு ஒன்று எடுத்துவந்து, ஏழு கோடு போட்டுக் கொடுத்தேன். ஏற்றிய நேரத்தையும் எடுத்த நேரத்தையும் அவர் மனைவி தன் கையாலேயே எழுத வேண்டும், ஃபிஸ்டுலா இல்லாத கையால்.